அழுகையை நிறுத்திய குழந்தை

வார்டுல ஒரு குழந்தை அழுகையை நிறுத்திட்டா, "பழகிடுச்சு"ன்னு நாம நிம்மதி ஆயிடுவோம். 1950-கள்ல இங்கிலாந்து நர்ஸுகளும் அப்படித்தான் நினைச்சாங்க. அம்மா வந்துட்டுப் போனா குழந்தை அழுது. அதனால பார்வையாளர் நேரத்தையே சுருக்கிட்டாங்க. சில ஆஸ்பத்திரியில வாரத்துக்கு ஒரு தடவைதான்.

ஜேம்ஸ் ராபர்ட்ஸன் இதை நம்பல. ஹெர்னியா ஆபரேஷனுக்காக எட்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்த ரெண்டு வயசுக் குழந்தையைப் படமாக்கி 1952-ல வெளியிட்டார். அவர் கவனிச்சது: பிரிஞ்ச குழந்தை முதல்ல அழுது எதிர்க்கும், அப்புறம் ஒடுங்கிப்போகும், கடைசியில அம்மாவே வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கும். நம்ம பாஷையில சொன்னா, லாக்ல எரர் இல்லைங்கிறதால சர்வர் நல்லா ஓடுதுன்னு அர்த்தம் இல்ல. படம் பார்த்த டாக்டர்கள் பலருக்குக் கோபம்தான் வந்தது. ஆனா 1959-ல பிளாட் கமிட்டி, பெற்றோரை நேரக் கட்டுப்பாடு இல்லாம விடணும்னு பரிந்துரைச்சது.

இன்னைக்கு அம்மா பக்கத்துலயே இருந்தாலும், ஊசி போடுறப்போ "வலிக்கவே வலிக்காது"ன்னு சொல்றோமே, அந்தப் பொய் முதல் ஊசிக்குத்தான் செல்லும். "சுருக்குன்னு இருக்கும் கண்ணா, அழணும்னா அழு, அம்மா மடியிலேயே உக்காந்துக்கோ." ஒரு நர்ஸ் இதைச் சொல்ல பத்து செகண்டு போதும்.