தகப்பன் பிறந்த ஊர் எது?

(வாலாஜாபாத் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேசுக என்று என்னைப் பணித்திருக்கிறார்கள். சுவரொட்டியிலும் அவ்விதமே அச்சிட்டிருக்கிறார்கள். புகைவண்டியை விட்டிறங்கி வருகிறபோது, தேநீர்க் கடையிலே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தினார். “தம்பி! பாலாற்றிலே மணல் போய்க்கொண்டே இருக்கிறது. அதைப் பேசாமல் பாலஸ்தீனத்தைப் பற்றி எங்களுக்கு என்ன பேச்சு?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. “மணலைப் பற்றி மற்றொரு நாள் வந்து பேசுகிறேன் ஐயா, இன்று மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்” என்றேன். அவர் சிரித்தார். இதோ, கூட்டத்திலே முன்வரிசையிலே அமர்ந்துமிருக்கிறார்.

மண்ணை இழந்தவன் பாலஸ்தீனத்திலே மட்டும் இல்லை, தோழர்களே. இராமேசுவரத்துக்கு அப்பால், குறுகிய கடலுக்கு அக்கரையிலே, நம் மொழி பேசியவாறே அவன் இருந்தான். இருவரும் ஒரே ஆண்டிலே மண்ணை இழந்தவர்கள். ஆகவே இருவர் கதையையும் சேர்த்தே சொல்லப்போகிறேன்.

இங்கிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுப் பழைமை! குடவோலையிலே பெயர் எழுதப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையிலே வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதமும் தெரிந்திருக்க வேண்டும். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் அந்தக் குடத்திலே ஓலை இல்லை. மக்களாட்சியின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குவோர் இதை மட்டும் மெல்ல விழுங்கிவிடுவார்கள்! ஆயினும் ஒன்று சொல்வேன். அந்தக் கல்வெட்டு பதவிக்குத்தான் தகுதி கேட்டது. பிறந்த ஊரிலே வாழ்வதற்குச் சீட்டுக் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கு நாகரிகம் முதிர்ந்த நூற்றாண்டு ஒன்று வரவேண்டியிருந்தது.

வந்தது. 1948ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டு மே 14ஆம் நாள் இஸ்ரேல் என்ற நாடு அறிவிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் கொடியை இறக்கி மடித்துக்கொண்டு கப்பலேறியவன் வெள்ளைக்காரன். இரண்டு இடத்திலும் அவன் விட்டுச் சென்ற கணக்கைத் தீர்க்க வேண்டியவர்களானார்கள், அந்தக் கணக்கிலே ஒரு காசு கூடக் கடன் வாங்காத ஏழைகள். பாலஸ்தீனத்திலே ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட அரபு மக்கள் விரட்டப்பட்டும் அஞ்சி ஓடியும் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப் போயின. வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பிலே செருகிக்கொண்டு, பத்து நாளிலே திரும்பிவிடலாம் என்று போனவர்கள். சாவி இன்றும் பேரப்பிள்ளைகள் கையிலே இருக்கிறது. வீடுதான் இல்லை.

இலங்கையிலே துப்பாக்கி வெடிக்கவில்லை. பேனாவே போதுமானதாக இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டம், பிரஜாவுரிமைச் சட்டம், நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அது கேட்ட கேள்வி இதுதான்: உன் தகப்பன் பிறந்த ஊர் எது? அவன் இலங்கையிலே பிறந்தான் என்று காட்டு. இல்லையேல், பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டு. வாயால் சொன்னால் போதாது, காகிதத்தைக் காட்டு!

யாரிடம் கேட்டார்கள்? நம் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்குத் தப்பிப் போனவனிடம்! மன்னார்க் கரையிலே இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வாந்திபேதியிலும் பசியிலும் பாதி வழியிலே தோழனைப் புதைத்துவிட்டு மேலே ஏறியவனிடம்! காப்பி போட்டான், காப்பியை நோய் தின்றது. தேயிலை போட்டான், அந்தத் தேயிலை இலங்கையின் கருவூலத்தை நிரப்பியது. லயத்து அறையிலே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பதிவு ஏது? துரையின் பேரேட்டிலே கொழுந்தின் எடை இருந்தது, கொழுந்து கிள்ளியவளின் குழந்தைக்குப் பெயர் இல்லை.

ஏன் இந்தச் சட்டம்? 1947 தேர்தலைப் பாருங்கள். இலங்கை இந்தியர் காங்கிரசு ஏழு இடங்களிலே வென்றது. வேறு பல தொகுதிகளிலே தோட்டத் தொழிலாளியின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போயிற்று. சேனநாயகா அரசு கணக்குப் போட்டது. வாக்கை விலைக்கு வாங்குவது செலவு, வாக்காளனையே இல்லாமற் செய்துவிடுவது சிக்கனம்! 1948இலே குடியுரிமை போயிற்று. 1949இலே வாக்குரிமை போயிற்று. 1952 தேர்தலிலே மலையகத் தமிழனுக்கு ஓர் இடமும் இல்லை. விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்று 1949இலே இன்னொரு சட்டம் செய்தார்கள். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு.

இங்கே நான் சிங்களக் குடியானவனைப் பழிக்க வரவில்லை. அவனும் காகிதத்தாலே அடிபட்டவன். 1840இலே ஆங்கிலேயன் ஒரு சட்டம் போட்டான். உரிமைப் பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்றான். கண்டி மன்னன் காலத்திலே பத்திரம் ஏது? காடும் மேய்ச்சலும் போயின, காப்பித் துரைகள் வாங்கினார்கள். அந்த மண்ணிலே கூலிக்கு நின்றவன் தமிழன். ஆகவே நூறாண்டு கழித்துச் சிங்களக் குடியானவன் நிமிர்ந்து பார்த்தபோது, மண்ணைப் பறித்த துரை கண்ணிலே படவில்லை, மண்ணிலே நின்ற தமிழன்தான் பட்டான். குற்றம் செய்தவன் இலண்டனிலே தேநீர் அருந்திக்கொண்டிருந்தான், அதுவும் அந்தத் தோட்டத்துத் தேயிலையிலே!

பாலஸ்தீனத்திலும் இதே கதைதான், நாடகத்திலே வேடம் மட்டும் மாறியது போல. யூதரை நூற்றாண்டுக் கணக்கிலே வதைத்தது யார்? அரபியா? இல்லை, ஐரோப்பா. அறுபது இலட்சம் யூதரைக் கொன்று குவித்தவன் ஜெர்மானிய நாஜி. தஞ்சமென்று வந்த கப்பல்களைத் திருப்பி அனுப்பியவை நாகரிக நாடுகள். நம் கொச்சியிலே யூதர் நெடுங்காலம் அச்சமின்றி வாழ்ந்தார்கள், 1950களிலே பெரும்பாலோர் இஸ்ரேலுக்குத் தாமே விரும்பிப் போனார்கள். யூதனுக்கு அச்சமின்றி வாழ ஓரிடம் வேண்டும் என்பதை மனிதனாய்ப் பிறந்த எவன் மறுப்பான்? ஆனால், ஐரோப்பா செய்த பாவத்துக்குப் பாலஸ்தீனத்து உழவன் ஏன் தன் ஒலிவத் தோப்பைக் கொடுக்க வேண்டும்? 1917 நவம்பர் 2ஆம் நாள், பிரிட்டிஷ் வெளிநாட்டு அமைச்சர் பால்ஃபர் பிரபு ராத்சைல்டுக்குக் கடிதம் எழுதினார். தனக்குச் சொந்தமில்லாத நாட்டை, அங்கே இல்லாதவருக்கு வாக்களித்த கடிதம்! பத்திலே ஒன்பது பங்காக அங்கே வாழ்ந்த அரபு மக்களை அது பெயர் சொல்லிக் கூடக் குறிப்பிடவில்லை, ‘யூதரல்லாதார்’ என்றது. இருப்பவனை ‘இன்னாரல்லாதவன்’ என்று அழைக்கத் தொடங்குகிற அன்றே அவன் வீட்டுச் சுவரிலே விரிசல் விழுந்துவிடுகிறது.

நிலம் எப்படிக் கைமாறிற்று? துருக்கி ஆட்சியிலே நிலப் பதிவு வந்தபோது, வரிக்கும் படைச்சேவைக்கும் அஞ்சிய உழவர் பலர் தங்கள் நிலத்தைப் பெரும்புள்ளிகள் பெயரிலே எழுதவிட்டார்கள். பெய்ரூட்டிலிருந்த சுர்சோக் குடும்பம் போன்ற செல்வர்கள் அவ்வாறு சேர்ந்த நிலங்களை 1920களிலே யூத நிறுவனங்களுக்கு விற்றார்கள். வாங்கியவன் கையிலே பத்திரம் இருந்தது, உழுதவன் கையிலே ஏர்தான் இருந்தது. நம் ஊர் ஜமீன்தாரை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

நான் நாடகம் எழுதுகிறவன். எத்தனையோ விந்தைப் பாத்திரங்களைப் படைத்திருக்கிறேன். ஆனால் இஸ்ரேலின் 1950ஆம் ஆண்டுச் சட்டம் படைத்த பாத்திரத்தைப் போல ஒன்றை என்னால் படைக்க முடியாது. போரின்போது ஊரைவிட்டு அடுத்த ஊருக்குப் போய் ஒதுங்கியவன் கூட, ‘இல்லாதவன்’ என்று அந்தச் சட்டத்தாலே கணிக்கப்பட்டான். அவன் நிலம் அரசின் பொறுப்பிலே போயிற்று. அவனோ அங்கேயே இருக்கிறான்! குடிமகன், வரி கட்டுகிறான், வாக்கும் அளிக்கிறான். ஆனால் நிலத்தைப் பொறுத்தவரை அவன் இல்லாதவன். ‘இருந்துகொண்டே இல்லாதவர்’ என்றே அவர்களுக்குப் பெயர்.

லெபனான் எல்லைக்கு அருகே இக்ரித் என்று ஓர் ஊர். கிறித்தவ அரபு மக்களின் ஊர். 1948 நவம்பரிலே இராணுவம் வந்தது. இரண்டு வாரம் வெளியே இருங்கள், பிறகு வரலாம் என்றது. போனார்கள். இரண்டு வாரம் இரண்டாண்டாயிற்று. வழக்குத் தொடுத்தார்கள். 1951 ஜூலையிலே இஸ்ரேலின் உச்ச நீதிமன்றமே, திரும்பலாம் என்று தீர்ப்பளித்தது. அந்த நீதிபதிகளை நான் வணங்குகிறேன். ஆனால் அதே 1951ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் நாளை ஒட்டி, இராணுவம் அந்த ஊரின் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தது. தேவாலயம் மட்டும் நிற்கிறது. இறந்தபின் அந்த ஊர்க் கல்லறையிலே அடக்கம் செய்ய இசைவு உண்டு. உயிரோடு குடியேற இசைவு இல்லை.

நம்மவனும் வழக்காடினான். கோடக்கன் பிள்ளை என்ற தமிழர், வாக்காளர் பட்டியலிலே என் பெயரைச் சேர் என்று கேட்டார். ஓர் இனத்தாருக்கு மட்டும் இடையூறு செய்யும் சட்டம் கூடாது என்று சோல்பரி அரசியல் சட்டத்தின் 29ஆம் பிரிவு இருக்கிறதே என்று வாதாடினார். இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று வழக்கு. 1953இலே தள்ளுபடி. ஒரு நாடு தன் குடிகள் யார் என வகுப்பது இயல்பே என்றார்கள். அங்கே தீர்ப்புக் கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. இங்கே தீர்ப்பே கிடைக்கவில்லை.

வேறு வழியே இல்லாமலா போயிற்று? இருந்தது. 1947இலே ஐக்கிய நாடுகள் சபை அமைத்த பாலஸ்தீனக் குழுவிலே பெரும்பான்மையோர் பிரிவினை என்றார்கள். இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும், ஒரே நாட்டுக்குள் இரண்டு சுயாட்சிப் பகுதிகள், கூட்டாட்சி என்றன. நவம்பர் 29ஆம் நாள் 33 வாக்குக்கு 13 என்று பிரிவினை வென்றது. எதிர்த்து வாக்களித்தவருள் இந்தியாவும் உண்டு. ஈராண்டு கழித்து, 1949 டிசம்பரிலே, மலையகத் தமிழனுக்கு நேர்ந்தது நாளை அனைத்துத் தமிழர்க்கும் நேரும் என்று கண்ட செல்வநாயகம், தமிழரசுக் கட்சியைத் தொடங்கி அதே கூட்டாட்சியைக் கேட்டார். 1957இலே பண்டாரநாயகாவோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1958இலே பிக்குகள் வீட்டுவாசலிலே அமர்ந்தார்கள், ஒப்பந்தம் கிழிந்தது. பாலஸ்தீனத்துக்காக டில்லி பரிந்துரைத்த கூட்டாட்சியைத் தமிழ்நாட்டிலே நாம் கேட்டால் மட்டும் அது ஏன் கசக்கிறதோ, அது டில்லிக்கே வெளிச்சம்!

பிறகு 1964 அக்டோபர் 30. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 மனிதர்கள். அதிலே 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று வைத்தார்கள். 1974இலே அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாக அறுத்தார்கள். நெல் மூட்டையைப் பிரிக்கிறவன் கூட ஒருமுறை தூக்கி எடை பார்ப்பான். இவர்களிடம், ‘அம்மா, நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?’ என்று கையெழுத்திடுமுன் எவரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு பட்டியலிலே, தங்கை ஒரு பட்டியலிலே. தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்திலே இறங்கினார்கள். பாட்டன் போகும்போது நோய்க்காகத் தடுத்துவைக்கப்பட்ட அதே மண்டபம் முகாமிலே, பேரன் திரும்பும்போது பெயர் பதிந்தார்கள்.

வந்தவரை நாமாவது அணைத்தோமா? வெட்கத்தோடு சொல்கிறேன். நாடகம் போடக் கோத்தகிரிப் பக்கம் போயிருந்தேன். முதியவர் ஒருவர் தம் பழைய கடவுச்சீட்டைக் காட்டினார். பிறந்த நாடு இலங்கை, குடியுரிமை இந்தியா. “அங்கே என்னைக் கள்ளத்தோணி என்றார்கள் தம்பி, யாழ்ப்பாணத்திலே தோட்டக்காட்டான் என்றார்கள், இங்கே சிலோன்காரன் என்கிறார்கள். தமிழன் என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டுச் சாகலாம் என்றிருக்கிறேன்” என்றார். நான் பதில் பேசவில்லை. அரபு நாடுகளைக் குறை சொல்ல நமக்குத் தகுதி கொஞ்சம் குறைவுதான். லெபனானிலே பாலஸ்தீன அகதி வீடு வாங்க முடியாது, பல தொழில்களிலே சேர முடியாது. மேடையிலே அவனுக்காக முழங்குவார்கள், தெருவிலே அவனை நிறுத்திவைப்பார்கள்.

குருதிப் பக்கங்களை விரிவாகப் புரட்ட எனக்கு நெஞ்சுரம் இல்லை. 1983 ஜூலை கொழும்பு. 2009 முள்ளிவாய்க்கால், அரசே ‘பாதுகாப்பு வலயம்’ என்று பெயரிட்ட மணற்பரப்பு. நாற்பதாயிரம் வரை மக்கள் மாண்டிருக்கக்கூடும் என்றது ஐ.நா. வல்லுநர் குழு. 2023 அக்டோபர் 7இலே ஹமாஸ் புகுந்து ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றது, 250 பேரளவிலே பிணையாகக் கொண்டு சென்றது. விழாவிலே ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளைச் சுட்டுக்கொன்றதற்கு விடுதலை என்று பெயரிட நான் ஒப்பேன். அதற்குப் பின் காசாவிலே பல பதினாயிரக்கணக்கிலே மக்கள் கொல்லப்பட்டார்கள். ‘பாதுகாப்புப் பகுதி’ என்ற சொல்லை அங்கேயும் கேட்டோம். நமக்குப் பழகிய சொல்லாயிற்றே! இலங்கை விமானப்படை 1990களிலே வாங்கிப் பறக்கவிட்ட கிஃபிர் விமானங்கள் இஸ்ரேலிலே செய்யப்பட்டவை என்பதையும் நினைவிலே வையுங்கள்.

முன்வரிசைப் பெரியவரே! இதெல்லாம் எங்களுக்கு என்ன என்று கேட்டீர்கள். 2019இலே டில்லி ஒரு குடியுரிமைத் திருத்தச் சட்டம் செய்தது. மூன்று நாட்டு அகதிகளுக்கு, மதம் பார்த்து வழி திறந்தது. இலங்கைத் தமிழன் அந்தப் பட்டியலிலே இல்லை. எதிர்த்து 2021 செப்டம்பர் 8இலே நம் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 நவம்பரிலே உங்கள் வாயிலுக்கே ஒரு படிவம் வந்ததே, இருபதாண்டுக்கு முந்தைய பட்டியலிலே உன் பெயரோ உன் பெற்றோர் பெயரோ உண்டா என்று கேட்டு? அந்த வரியைப் படித்தபோது எனக்கு 1948இன் கொழும்பு நினைவுக்கு வந்தது.

தமிழ்நாட்டு முகாம்களிலே ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட ஈழத் தமிழர் இருக்கிறார்கள். அவர்களுள் மண்டபம் முகாமிலே 1986இலே பிறந்த ஒரு பெண் வழக்காடினாள். 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவிலே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்று நம் சட்டம் சொல்லுகிறது. அந்த விதியைக் காட்டி, 2022இலே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலே வென்றாள். 2024 நாடாளுமன்றத் தேர்தலிலே விரலிலே மையோடு வெளியே வந்தாள். அந்தப் பழைய விதி, நீ எங்கே பிறந்தாய் என்று மட்டும் கேட்டது. அதே முகாமிலே, அதே கூரையின்கீழ், 1987 ஜூலைக்குப் பின் பிறந்த பிள்ளையிடம் சட்டம் வேறு கேள்வி கேட்கிறது. உன் தாயோ தகப்பனோ யார் என்று கேட்கிறது.