தாழிகள் பேசட்டும்!



ஓரினத்தின் வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று, மண்ணிலும் எழுதப்பட்டுள்ளது. ஏட்டைக் கறையான் அரித்தால் அதன் மறுபடி வேறெங்கேனும் கிடைக்கக் கூடும். மண்ணில் எழுதியதற்கோ மறுபடி இல்லை, குலைத்தால் குலைந்ததுதான். இவ்வுண்மையை உணர்த்தி நிற்பது பொருநையாற்றின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்.

அவ்வூர்ப் பறம்பு 114 ஏக்கர் பரப்புடையது. முன்னோர் தம்முள் இறந்தோரைப் பெருந்தாழிகளில் இட்டுப் புதைத்த இடுகாடு அது. கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தரும்படி குயவனை வேண்டுவதைப் புறநானூற்றின் 256-ஆம் பாட்டிற் காணலாம். அங்குச் சொல்லப்பட்ட தாழி வெறும் புனைவன்று என்பதற்கு இப்பறம்பே சான்று.

1876-இல் யாகோர் என்னும் செருமானியர் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லின் நகருக்குக் கொண்டு சென்றார். பின்னர் 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் இரீ என்பார் விரிவாக அகழ்ந்தார். பொன் நெற்றிப்பட்டங்களும், விலங்கும் பறவையும் அமைந்த வெண்கலக் கலன்களும், இரும்பாலான வாளும் வேலும் வெளிப்பட்டன. கலங்கள் பலவற்றில் நெல்லுமியும் இருந்தது.

ஈண்டு ஒன்றை எண்ணிப் பாருங்கள். உமியைக் கண்ட இரீ அதன் காலத்தைக் கணிக்க இயலவில்லை. அஃது அவர் குறையன்று. கரிமக் காலக்கணிப்பு முறை 1940-களின் இறுதியிலேயே தோன்றிற்று. அன்றே பறம்பு முழுவதும் கிளறப்பட்டிருப்பின் இன்று எஞ்சுவது யாது? ஒரு பகுதி கைபடாது கிடந்தமையாலன்றோ 2004-05 அகழாய்வில் 150-க்கு மேற்பட்ட தாழிகள் கிடைத்தன!

அதே மாவட்டத்துச் சிவகளையையும் நோக்குங்கள். அங்கே தாழியொன்றில் இருந்த உமியின் காலம் கி.மு. 1155 எனத் தமிழக அரசு 2021-இல் அறிவித்தது. அவ்வூர்க் கரித்துண்டின் கணிப்பைக் கொண்டு, இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை செல்கின்றது என 2025 சனவரியில் அறிவித்தது. ஒரு பிடி உமியும் ஒரு கரித்துண்டும் ஆயிரம் மேடைப் பேச்சுகள் செய்யவியலாததைச் செய்தன. ஏன்? அவை இருந்த இடத்திலேயே, இருந்தவாறே, முறையறிந்தோரால் எடுக்கப்பட்டன.

ஆகவே தமிழர்க்குக் கடமை இரண்டு. ஒன்று, சான்றுக்கு மேற்பட்டுப் பேசாமை. கிடைத்த காலத்தை விட்டு, வாய்க்கு வந்த ஆண்டைச் சொல்லிப் பெருமை கொள்வது, உள்ள பெருமையையும் பிறர் எள்ளச் செய்யும். உண்மைக்கு முட்டுக்கால் வேண்டா. மற்றொன்று, சான்றை அழியவிடாமை. ஏரி தூர்வாரும்போதும் சரளை மண் அள்ளும்போதும் பொறிகளின் பல்லிற் சிக்கித் தாழிகள் நொறுங்குகின்றன. புதையலென்று மயங்கி உடைப்பாரும் உளர். உடைந்த தாழி வெறும் ஓடு. இருந்த இடத்தில் இருக்கும் தாழியோ நூல்.

உங்கள் ஊர்ப்புறத்தில் தாழியின் விளிம்போ, கல்வட்டமோ, கருப்புச் சிவப்பு ஓடுகளோ தென்படின் தோண்டாதீர்கள். எடுத்து வீட்டில் வைக்காதீர்கள். வேலையை நிறுத்தச் சொல்லித் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியர்க்கும் அன்றே எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

மூவாயிரம் ஆண்டு மண்ணுக்குள் காத்திருந்த தாழி, பேசத் தொடங்கும் நாளில் தமிழன் கையாலேயே உடைதல் தகுமோ? தாழிகள் பேசட்டும்! தமிழர் கேட்கட்டும்!