நிறம் நீங்கிய காடு



கானுயிர்ப் படங்களைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றுவது நிறத்தைக் கழுவிவிடும் வேலை என்றே பலரும் எண்ணுகின்றனர். அது கழுவுதல் அன்று, பெயர்த்தல். சிவப்பு எந்தச் சாம்பலாக வேண்டும், பச்சை எந்தச் சாம்பலாக வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அவர் செய்யாவிடில் கணிப்பொறி செய்துவிடும். நெடுநாளாக வழங்கும் ஒரு கணக்கின்படி, அது சிவப்பிலிருந்து 30 விழுக்காடும் பச்சையிலிருந்து 59 விழுக்காடும் நீலத்திலிருந்து 11 விழுக்காடும் எடுத்துக் கூட்டுகிறது. மனிதக் கண்ணின் ஒளியுணர்வை ஒட்டி அமைந்த கணக்கு அது. காட்டை அறிந்த கணக்கு அன்று.

பசும்புல்லில் நிற்கும் புலியை எடுத்துக்கொள்ளலாம். வண்ணப் படத்தில் அதன் செம்மஞ்சள் உடல் தீப்போல் தனித்துத் தெரியும். அக்கணக்கின்படி மாற்றினால் உடலின் சாம்பலும் புல்லின் சாம்பலும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுவதுண்டு. வரிகள் புல்லின் நிழல்களோடு கலந்துவிட, புலி மறைந்துபோகும். படம் பாழாயிற்று என்று எடுத்தவர் வருந்தக்கூடும். ஆனால் புள்ளிமான் காணும் புலி ஏறத்தாழ இதுதான். நிறமுணரும் கூம்புச் செல்கள் மனிதர்க்கு மூவகை, மானுக்கு இருவகையே. செம்மஞ்சளையும் பச்சையையும் அதனால் பிரித்தறிய இயலாது. பாழாகிய அப்படத்தில் ஓர் இரையின் அச்சம் இருக்கிறது.

சிவப்பின் பங்கைக் கூட்டிப் பச்சையைக் குறைத்தாலோ, உடல் வெளுத்துப் புல் இருண்டு, விலங்கு முன்னெழுந்து நிற்கும். படச்சுருள் காலத்தில் ஆடியின் முன் செந்நிற வடிகட்டியைப் பொருத்திச் செய்த வேலையே இது. இரண்டும் ஒரே கணத்தின் படங்கள். எதைத் தேர்வது என்பதில்தான் படைப்பவரின் பொறுப்பு தொடங்குகிறது.

தமிழ்க் கவிதைக்கு இது புதிதன்று. குறுந்தொகையின் 47ஆம் பாடலில், வேங்கைப்பூ உதிர்ந்து கிடக்கும் பாறை புலிக்குட்டிபோல் தோன்றுகிறது. பூவின் மஞ்சளே இவ்வொப்புமைக்குக் காரணம் என்று வகுப்பறையில் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அங்கே நிலவு காய்கிறது. இரவில் வரும் தலைவனுக்கு உதவாத அந்நிலவை நோக்கியே பேச்சு நிகழ்கிறது. பாடிய புலவரும் நெடுவெண்ணிலவினார் என்றே பெயர் பெற்றார். நிலவொளியில் மனிதக் கண் நிறத்தைப் பெரும்பாலும் இழந்துவிடும். எஞ்சுவன இருண்ட பாறையும் அதன்மேல் வெளிறிய சிதறலுமே. அக்குட்டியை ஈன்றது மஞ்சள் அன்று; ஒளியும் இருளும் அமைந்து கிடந்த முறை.

மா. கிருஷ்ணன் (1912–1996) இம்முறையைக் காட்டிலேயே கண்டவர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தரான அவர், வண்ணச் சுருள் பெருகிய பின்னரும் கருப்பு வெள்ளையையே கைக்கொண்டார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட ஒளிப்படக் கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் சூட்டினார். பின்னாளில் மாற்றிக்கொள்ள அவரிடம் நிறம் இருந்ததில்லை. விசையை அழுத்துமுன்பே சாம்பலில் எண்ணியாக வேண்டும். பிரேசில் நாட்டுச் செபாஸ்தியாவோ சல்காடோவின் (1944–2025) நிலை வேறு. ‘ஜெனிசிஸ்’ பணியின் இடையே 2008இல் அவர் எண்முறைக் கருவிக்கு மாறினார். அது தந்த வண்ணத்தைக் கருப்பு வெள்ளையாக்கினார். கருவி மாறியதே தவிர, சாம்பலில் எண்ணும் பழக்கம் மாறவில்லை.

அப்பழக்கம் இல்லாதவர்கள், வெளிச்சம் கெட்ட வண்ணப் படத்தைக் கரையேற்றவே கருப்பு வெள்ளையை நாடுகின்றனர். தளர்ந்த உரைநடையை வரிவரியாக மடக்கிக் கவிதை என்று பெயரிடுவதற்கு இது ஒப்பாகும், அவையோர் பொறுத்தருள்க. யானைக்கு நிறம் பெரிதில்லை. மடிப்புகளும் சேறு காய்ந்த தோலும் சாம்பலில் இன்னும் தெளியும். பனங்காடை அப்படியன்று. மின்கம்பியில் சிறகொடுக்கி அமர்ந்திருக்கையில் மாற்றிப் பார்க்கலாம். அது எழுந்து பறக்கும்போது சிறகில் விரியும் நீலப் பட்டைகளைச் சாம்பலாக்க எந்தக் காரணமும் இல்லை.