உதிர்ந்ததும் உதிர்த்ததும்
(தசலட்சணப் பெருவிழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிற மேடைகளில் பேச்சாளரை நிறுத்தத் தலைவர் மணி அடிப்பார். பேச்சாளர் அது கேளாதவர்போல் மேலும் அரை மணி நேரம் பேசுவார். நம் மேடையில் அது நடவாது. பொழுது சாயுமுன் அவையோர் உணவருந்தியாக வேண்டும். இங்கே மணி அடிப்பவன் கதிரவன். அவனிடம் 'இன்னும் ஒரே ஒரு கருத்து' என்று எவரும் கெஞ்ச இயலாது. ஆகவே சுருங்கச் சொல்கிறேன்.

எனக்கு அளித்த தலைப்பு 'நடுவயதின் நகைச்சுவை'. உலா நூல்கள் பெண்டிர்க்கு ஏழு பருவங்களை வகுத்தன. பேதையில் தொடங்கிப் பேரிளம்பெண்ணில் முடிகின்றன. பேரிளம்பெண்ணின் எல்லை 40 வயது. அதற்குமேல் பருவமும் இல்லை, பெயரும் இல்லை. 41 வயதுப் பெண்ணைக் காணாமலேயே உலா வரும் தலைவன் வீதியைக் கடந்துவிடுகிறான். அவளுக்கும் அவனைக் காண நேரமில்லை. மகனுக்குத் தேர்வு, மாமியாருக்கு மருந்து, அடுப்பில் பால். எனினும் 40 வயதிலும் பெயருக்குள் 'இளம்' என்னும் சொல்லை விட்டுவைத்தமைக்காக நம் புலவர்களைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆடவர்க்கு நடுவயதை முதலில் அறிவிப்பது கண். வெள்ளெழுத்து என்றும் சாளேசுரம் என்றும் அதனை வழங்குகிறோம். சாளேசுரம் என்பது 40 என்னும் எண்ணைக் குறிக்கும் மராத்திச் சொல்லின் வழி வந்தது. கண்ணின் வில்லை நெகிழ்ச்சி குன்றுவதால் அருகில் உள்ளது மங்குகிறது. தொலைவில் உள்ளதோ தெளிவாகவே தெரிகிறது. நாளிதழைப் பிடித்த கை நாளுக்கு நாள் நீள்கிறது. இனி நீளக் கை இல்லை என்னும் நாளில் கண்ணாடி வாங்குகிறோம். வாங்கியதை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு வீடெங்கும் தேடுகிறோம். "ஏங்க, நெற்றியில் இருப்பது என்னவாம்?" என்று கேட்கிறாள் இல்லாள்.

சமண முனிவர்கள் அருளிய நாலடியாரில் இரண்டாம் அதிகாரம் 'இளமை நிலையாமை'. பள்ளியில் அது மனப்பாடப் பகுதி. மதிப்பெண் வந்ததும் மறந்துவிட்டோம். 50 வயதைக் கடந்தபின் எடுத்துப் படித்தால், இரத்தப் பரிசோதனை நிலையத்தில் தந்த அறிக்கையைப் போல் இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு நம்மையே கண்டு எழுதியதாகத் தோன்றுகிறது.

இனித் தலைக்கு வருவோம். நம் துறவியர் தம் தலைமயிரைத் தம் கையாலேயே களைகின்றனர். கேசலோசம் எனப்படும் கடுந்தவம் அது. இல்லறத்தாராகிய நமக்கு அத்தொண்டினைச் சீப்பே செய்துவிடுகிறது. அவர்களுக்கும் தலையில் முடி இல்லை, நமக்கும் இல்லை. ஆயினும் அவர்களை நாம் வணங்குகிறோம். நம்மை எவரும் வணங்கக் காணோம். ஏன்?

இதற்கு விடை இலக்கணத்தில் இருக்கிறது. 'உதிர்ந்தது' என்பது தன்வினை. 'உதிர்த்தார்' என்பது பிறவினை. முன்னதில் நகர மெய் நிற்குமிடத்தில் பின்னதில் தகர மெய் நிற்கிறது. மெல்லினம் இருந்த இடத்தில் வல்லினம் வந்து அமர்கிறது. துறவறத்திற்கும் வழுக்கைக்கும் இடையே உள்ள தொலைவு அந்த ஓரெழுத்துத்தான்.

நம் முன்னோர் நவபதார்த்தங்களைத் தமிழில் உயிர், உயிரல்லது, புண்ணியம், பாவம், ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு, கட்டு, வீடு என மொழிந்தனர். நிர்ஜரை என்பதற்கு அவர்கள் தந்த பெயர் உதிர்ப்பு. அது இருவகைப்படும். வினை தன் பயனைத் தந்து முடித்துத் தானே கழிவது சவிபாக நிர்ஜரை. மரத்திலேயே கனிந்து விழும் மாங்கனி போன்றது. பயன் தரும் காலம் வருமுன்பே தவத்தால் கழிப்பது அவிபாக நிர்ஜரை. காயைப் பறித்து வைக்கோலில் இட்டுப் பழுக்க வைப்பது போன்றது. முதல் வகை எல்லா உயிர்க்கும் நிகழ்கிறது. இரண்டாவதற்கு முயற்சி வேண்டும்.

நடுவயதில் நாம் செய்யும் தியாகங்களுள் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை. சர்க்கரை அளவைக் கண்டு மருத்துவர் அதட்டிய மறுநாள், "நான் இனிப்பைத் துறந்துவிட்டேன்" என்று ஒருவர் திருமண வீட்டில் பெருமிதத்தோடு அறிவித்தார். பக்கத்து இலையில் இருந்த அவருடைய மனைவி, "இனிப்புத்தான் உங்களைத் துறந்தது" என்றார். இருளுமுன் உண்ணுக என்று பாட்டி சொன்னபோது, அது பழங்காலத்து வழக்கம் என்று நகைத்தவர்கள், அதனையே இன்று கட்டணம் செலுத்திக் கேட்டு வருகிறார்கள். உடல்நலத்திற்காக இருளுமுன் உண்பது நன்றே. ஆனால் விளக்கொளியை நாடி வந்து மாயும் சிற்றுயிர்களை எண்ணிப் பாட்டி உண்ணாதிருந்தாள். உண்ணும் நேரம் ஒன்றுதான். நினைந்த உயிர் வேறு.

சீவக சிந்தாமணியை நினைவுகூர்வோம். அரசும் இல்லறமும் நிறைந்திருந்த காலத்தில் சீவகன் சோலையில் ஒரு காட்சியைக் காண்கிறான். கடுவன் தன் மந்திக்குக் கொடுத்த பலாப்பழத்தை ஏவலன் ஒருவன் பறித்துக்கொள்கிறான். அப்பழம் போகத்து இன்பம் என்றும், பழத்தை இழந்த குரங்கு கட்டியங்காரன் என்றும், பறித்தவன் தானே என்றும் சீவகன் உணர்கிறான்; துறவுக்கு மனம் திரும்புகிறது. பல் விழுந்தபின் அவன் பலாச்சுளையை வெறுக்கவில்லை. பழம் கையில் இருக்கும்போதே விட்டான்.

நம் கையில் இருக்கும் பழங்கள் எவை? பரண்மேல் ஏறிப் பாருங்கள். நம் திருமணத்திற்கு வந்த கடிகாரங்கள், ஓடாதவை. ஹார்லிக்ஸ் குப்பிகள், மூடி இல்லாதவை. மூடிகள், குப்பி இல்லாதவை. பொருள் வரைதல் என்னும் அணுவிரதம் 'இவ்வளவு போதும்' என்று நாமே கோடு கிழித்துக்கொள்ளச் சொல்கிறது. நாம் பரணின் கொள்ளளவையே அக்கோடாகக் கொண்டுவிட்டோம்.

பரணில் இருப்பதை விடுவது எளிது. நாவில் இருப்பதை விடுவது கடினம். 'எனக்குத் தெரியாதா?' என்னும் சொல் நடுவயதில் வந்து நாவில் குடியேறுகிறது. 28 வயது மகனிடம் "பேருந்துப் படியில் நிற்காதே" என்பது அன்பு. அவன் செய்யும் தொழில், மணக்கும் பெண், வாழும் ஊர் எல்லாவற்றிலும் கடைசிச் சொல் நமதாகவே இருக்க வேண்டும் என்பது பற்று. அந்தக் கடைசிச் சொல் இன்னும் சில ஆண்டுகளில் கேட்பாரின்றித் தானே உதிரும். இன்றே நாம் உதிர்த்தால் அதற்குத் தியாகம் என்று பெயர். மகனும் தானே வந்து கருத்துக் கேட்பான்.

தசலட்சணங்களுள் முதலில் நிற்பது உத்தம க்ஷமை. 80 வயதைக் கடந்த தாய், "கதவைத் தாழிட்டாயாப்பா?" என்று இரவில் நான்கு முறை கேட்கிறாள். முதல் முறை விடை சொல்கிறோம். இரண்டாம் முறை குரல் சற்று உயர்கிறது. மூன்றாம் முறை எரிச்சல். நான்காம் முறை கதவே நடுங்குகிறது. அவளுடைய கேள்வி ஒருநாள் நின்றுவிடும். அன்று நம் சினமும் தானே உதிர்ந்துவிடும். அந்த உதிர்வால் அவளுக்கு என்ன பயன்? நமக்குத்தான் என்ன பயன்? நான்காம் முறையும் முதல் முறைக் குரலிலேயே விடை சொல்பவன், சினத்தை அதன் காலத்துக்கு முன்பே உதிர்த்தவன். அவன் வீட்டில் இருந்தே தவம் செய்கிறான்.

இப்பெருவிழா நிறைவுற்றதும் ஒருவரிடம் ஒருவர் பொறுத்தருள வேண்டுகிறோம். முன்னாளில் வீடு வீடாகச் சென்று வேண்டினர். இன்று வாட்ஸ்அப்பில் ஒரு மலர்ப் படத்தை 200 பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அவர்களுள் பலருக்கு நாம் தீங்கு செய்ததே இல்லை. சிலரை நேரில் கண்டால் அடையாளமும் தெரியாது. நம் சொல்லால் புண்பட்டவர்களோ அடுக்களையிலும் திண்ணையிலும் இருக்கிறார்கள். தொலைவு தெளிவாகத் தெரிகிறது, அருகு மங்குகிறது. இதுவும் சாளேசுரமே. இதற்குரிய கண்ணாடி எந்தக் கடையிலும் விற்பதில்லை.

ஆகவே அன்பர்களே, கைப்பேசியை எடுக்குமுன் உணவு பரிமாறும் இல்லாளிடம், கட்டிலில் அமர்ந்திருக்கும் தாயிடம், மருமகளிடம், மகனிடம் நேரில் நின்று சொல்லுங்கள். தாய்மார்களே, நீங்களும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். "இவருக்கு உடம்புக்கு என்ன?" என்று ஐயுற்று அவர்கள் நம் நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூடும். பார்க்கட்டும். அந்தக் கையின் அருமையும் அப்போது நமக்குத் தெரியும்.

அறம் வளர்க.