கம்பி யாருடையது?



செய்தி வானத்திலே பறக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். இல்லை, அது கடலடியிலே ஓடுகிறது! கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் இணையச் செய்திகளில் 95 விழுக்காட்டுக்கு மேல், கடலுக்கடியில் கிடக்கும் கண்ணாடி இழைக் கம்பிகளின் வழியேதான் போகிறது. அந்தக் கம்பி எவர் கரையைத் தொடுகிறதோ, அவர் காதிலே உலகத்தின் பேச்சு விழுகிறது.

இது புதுக்கதை அல்ல. 1914 ஆகஸ்டு 5ஆம் நாள், போர் அறிவித்த மறுநாளே, பிரிட்டன் செய்த வேலை என்ன தெரியுமா? ஜெர்மனியின் கடல் தந்திக் கம்பிகளை அறுத்தெறிந்ததுதான்! சொந்தக் கம்பி இழந்த ஜெர்மனி, மெக்சிகோவுக்கான இரகசியத் தந்தியை 1917 ஜனவரியில் அயலார் கம்பி வழியே அனுப்பிற்று. பிரிட்டன் அதை இடைமறித்தது, படித்தது, அமெரிக்காவிடம் காட்டியது. ஏப்ரலில் அமெரிக்கா போரிலே இறங்கியதற்கு அந்தத் தந்தியும் ஒரு காரணம்.

நூறாண்டு உருண்டது. தந்தி போயிற்று, இணையம் வந்தது. ஒட்டுக்கேட்கும் காது மட்டும் ஓயவில்லை. 2013இல் எட்வர்டு ஸ்னோடன் அமெரிக்க வேவுத்துறையின் ஏடுகளை வெளியிட்டார். பிரேசில் நாட்டுத் தலைவி தில்மா ரூசெப்பின் செய்திகளே வேவு பார்க்கப்பட்டன என்பது அம்பலமாயிற்று. அவர் அழுது புலம்பவில்லை. வாஷிங்டன் பயணத்தைத் தள்ளிவைத்தார். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையிலே ஏறி நின்று, இது பன்னாட்டுச் சட்டத்தை மீறிய செயல் என்று இடித்துரைத்தார்.

அதுவரை பிரேசிலிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்லும் செய்தி, பெரும்பாலும் அமெரிக்கக் கரையைச் சுற்றித்தான் போயிற்று. 2021இல் பிரேசிலின் போர்த்தலேசாவையும் போர்ச்சுகலின் சீனெசையும் நேரே பிணைக்கும் கம்பி இயங்கத் தொடங்கியது. அயலான் வாசலை மிதிக்காத பாதை!

பாதை கிடைத்தால் விடுதலையும் கிடைத்துவிடுமா? இங்கேதான் தோழர்களே, நாம் விழிப்போடு இருக்க வேண்டும். அமெரிக்கனுக்குக் கம்பியும் சொந்தம், கரையும் சொந்தம். ஆயினும் அவனுடைய தொலைபேசி அழைப்புப் பதிவுகளை அவனுடைய அரசே அள்ளிக் குவித்தது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 2015இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அயலான் ஒட்டுக்கேட்டால் அக்கிரமம். ஆள்வோன் ஒட்டுக்கேட்டால் பாதுகாப்போ?

சென்னைக் கடற்கரையிலும் கம்பிகள் கரையேறுகின்றன. ஆகவே இது எங்கோ நடக்கும் கூத்து அல்ல. கம்பி நம்முடையதாக வேண்டும் என்று கேட்போம். அதனினும் உரக்கக் கேட்போம்: கம்பியைக் காப்பவன் மக்கள் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவனாக வேண்டும்! முன்னது நாட்டின் உரிமை. பின்னது நம் ஒவ்வொருவரின் உரிமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க எவருக்கும் இடந்தரோம்!