பல்லுக்குக் கம்பியும் எக்ஸ்ரேயும்

நல்லூரில் பிள்ளையின் மிதந்த பல்லுக்குக் கம்பி போடப் போகும் தாய்மாரை முதலில் கலங்க வைப்பது எக்ஸ்ரே.

1896இல் ஜெர்மனியரான ஒட்டோ வால்க்கொஃப், கறுப்புத் தாள் சுற்றிய கண்ணாடித் தகட்டைத் தன் வாய்க்குள் வைத்து, 25 நிமிடம் அசையாமல் கதிர் வாங்கினார். பல் எக்ஸ்ரே அப்படித்தான் தொடங்கியது. இன்று தலையைச் சுற்றிவந்து இரு தாடையையும் படம்பிடிக்கும் ஓபிஜிக்குச் சில விநாடிகளே போதும். கதிரளவு சுமார் 10 முதல் 25 மைக்ரோசீவர்ட். மண்ணும் வானமும் நமக்கு ஆண்டுக்குச் சராசரியாகத் தருவதோ 2,400!

முப்பரிமாணப் படம் எடுக்கும் சிபிசிடி அப்படியல்ல; கதிர் பல மடங்கு ஏறலாம். வளரும் உடலைக் கதிர் கூடுதலாகப் பாதிக்கும். எலும்புக்குள் புதைந்த வேட்டைப்பல் போன்ற சிக்கலுக்கே சிபிசிடி வேண்டும். "இந்தப் படம் எதற்கு, டொக்டர்?" என்று தாராளமாகக் கேட்கலாம். முன்பு எடுத்த படம் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.