பாறைச் சுவர்கள் காட்டும் திசை

ஸ்காட்லாந்தின் ஆரன் தீவின் தெற்குக் கரையில், ஓதம் இறங்கும் நேரத்தில், மணற்கல்லைப் பிளந்துகொண்டு கரும்பாறைச் சுவர்கள் கடலுக்குள் ஓடுவதைப் பார்க்கலாம். இவற்றுக்கு டைக் என்று பெயர். சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு விரிசலில் ஏறி, அங்கேயே உறைந்து உண்டானவை. குழம்பு எந்தப் பக்கம் நெருக்குதல் மிகக் குறைவோ, அந்தப் பக்கமாகத்தான் பாறையை விலக்கும். ஆகவே சுவர் ஓடும் திசைக்குக் குறுக்கே நிலம் இழுபட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஆரனில் சுமார் 24 கிலோமீட்டர் கரையில் 525 டைக்குகளை எண்ணியிருக்கிறார்கள். அவற்றின் அகலங்களைக் கூட்டினால் நிலம் ஏறத்தாழ 7 சதவீதம் விரிந்திருப்பது தெரிகிறது. திசையோடு அளவும் கையில் கிடைக்கிறது.

பழைய விரிசல்களில் குழம்பு புகுந்திருக்கலாமே, அதை வைத்து எப்படி முடிவு கட்டுவது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், சில இடங்களில் அப்படியும் நடக்கும். ஆனால் ஸ்காட்லாந்தின் பெரிய பழம்பிளவுகள் வடகிழக்கு–தென்மேற்காகக் கிடக்கின்றன. டைக்குகளோ பெரும்பாலும் வடமேற்கு–தென்கிழக்காக ஓடுகின்றன. எரிமலையின் சொந்த அழுத்தம்தான் காரணம் என்றால் சுவர்கள் அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் விரிந்திருக்க வேண்டும். ஆனால் ஸ்காட்லாந்தில் எரிமலை இருந்த மல் தீவிலிருந்து கிளம்பியதாகக் கருதப்படும் கிளீவ்லாந்து டைக், சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி யார்க்‌ஷயர் வரை தென்கிழக்காகவே போகிறது. அவ்வளவு தூரம் எரிமலையின் அழுத்தம் எட்டாது. வேடிக்கை என்னவென்றால், டைக்குகள் காட்டும் இழுவை வடகிழக்கு–தென்மேற்கு. அதற்குப் பிறகு வட அட்லாண்டிக் கடல் திறந்ததோ ஏறக்குறைய அதற்குச் செங்குத்தாக. இதற்கு ஆய்வாளர்கள் இன்னும் விளக்கம் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.